விலகியபின் நிற்பது எது?

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவதே மரபு. நானும் வாழ்த்தவே வந்திருக்கிறேன். ஆயினும் இன்று காலை இப்பந்தலுக்குள் நுழைந்தபோது இளைஞர் சிலர் ஒரு தாளை நீட்டி என் கையொப்பம் கேட்டனர். நம் செயலாளர் ஐயா இவ்விழாவோடு பொறுப்பிலிருந்து விலகுவதாகத் தெரிவித்திருக்கிறார். அவர் விலகக் கூடாது என்று எல்லோரும் கையொப்பமிட்டு வேண்டுவதாக அத்தாளில் எழுதியிருந்தது. அவ்வன்பு போற்றத்தக்கது. இருப்பினும் நான் கையொப்பமிடவில்லை. "பேசி முடித்தபின் பார்க்கலாம், தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அவ்வாறு சொன்னேன் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

அதற்கு நான் துணைக்கு அழைப்பது நம்மைப் போலவே ஒடுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தில் பிறந்து, என்னைப் போலவே பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றிய ஒரு பெண்மணியை. அவர் பெயர் செப்டிமா கிளார்க். அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களிடையே முதியோர் எழுத்தறிவை ஒரு பேரியக்கமாக வளர்த்தவர். 1970-ஆம் ஆண்டு, தமது 72-ஆம் வயதில், அப்பணியிலிருந்து விலகியவர்.

கடல் கடந்த ஒருவரின் கதை நமக்கு எதற்கு என்று எவரும் எண்ண வேண்டாம். மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-ஆம் ஆண்டு வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அவரும் சாவித்திரிபாய் அம்மையாரும் 1855-லேயே உழைக்கும் மக்களுக்காக இரவுப் பள்ளி நடத்தியவர்கள். அண்ணல் அம்பேத்கர் 1946-ஆம் ஆண்டு கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதித் தம் மக்களின் நிலைக்கும் அவர்தம் மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். ஆகவே இவ்வுறவு பழைய உறவு.

செப்டிமா அம்மையார் 1898-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் அடிமையாகப் பிறந்தவர். தாயார் பிறர் துணிகளை வெளுத்துக் குடும்பம் காத்தவர். மகள் ஆசிரியப் பயிற்சி பெற்றார். ஆனால் அந்நகரப் பொதுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களைச் சேர்ப்பதில்லை. எனவே 1916-ஆம் ஆண்டு, தமது 18-ஆம் வயதில், அருகிலிருந்த ஜான்ஸ் தீவுக்குச் சென்றார். அங்கே 132 குழந்தைகள், ஆசிரியர் இருவர். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அவரிடம், இரவில் பெரியவர்கள் வந்து எழுத்துக் கற்றுத்தரக் கேட்டனர். அவரும் மறுக்காமல் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்துப் பெரும்பணியின் வித்து அங்கேதான் விழுந்தது.

அவர் வாழ்வில் விலகல் மூன்று முறை நேர்ந்தது. முதல் இரண்டும் பிறர் சுமத்தியவை. மூன்றாவதே அவர் தாமாக ஏற்றது.

முதல் விலகல் 1956-ஆம் ஆண்டு நிகழ்ந்தது. கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தில் அரசு ஊழியர் எவரும் உறுப்பினராக இருத்தல் கூடாது என்று தென் கரோலினா அரசு சட்டம் இயற்றியது. உறுப்பினர் பதிவை மறைத்திருந்தால் அம்மையாருக்கு வேலை நிலைத்திருக்கும். அவர் மறைக்க மறுத்தார். ஏறத்தாழ 40 ஆண்டு ஆசிரியப் பணி ஒரே கடிதத்தில் பறிபோயிற்று, ஓய்வூதியமும் போயிற்று.

அப்போது அவர் தம்மைப் போன்ற கறுப்பின ஆசிரியர்களுக்கு 726 கடிதங்கள் எழுதினார். இச்சட்டத்தை எதிர்த்து ஒன்றுசேர்ந்து நிற்போம் என்று அழைத்தார். விடை எழுதியவர்கள் 26 பேர். உடன் வர இசைந்தவர்கள் 11 பேர். கல்வி அதிகாரியைக் காண உண்மையில் வந்து சேர்ந்தவர்கள் ஐவரே! அரசு ஊதியம் பெறும் நாம் இவ்விடத்தில் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எழுநூறு பேரில் நானும் ஒருவனாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இதைப் படித்த அன்று என்னையே கேட்டுக்கொண்டேன். எளிதில் விடை கூற இயலவில்லை.

அம்மையார் அந்த ஆசிரியர்களைத் தூற்றவில்லை. குறை தம்முடையதே என்று கண்டார். ஆயத்தமாகாத மக்களை ஒரு கடிதத்தால் இழுத்து வந்துவிட முடியாது. அவர்கள் உள்ளிருந்தே ஆயத்தமாக வேண்டும். அதற்கு அவர்களிடையே உட்கார்ந்து உழைக்க வேண்டும் என்று உணர்ந்தார். 1986-ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நினைவுகளின் தலைப்பும் 'ரெடி ஃப்ரம் விதின்' என்பதே.

வேலை இழந்த அவரை டென்னசி மாநிலத்தின் ஹைலேண்டர் என்னும் மக்கள் பள்ளி ஏற்றுக்கொண்டது. மயில்ஸ் ஹார்ட்டன் என்பவர் நடத்திய அப்பள்ளியில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே அறையில் கற்றனர். பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்து வரலாறு படைத்த ரோசா பார்க்ஸ் அம்மையார், அந்நிகழ்ச்சிக்குச் சில மாதம் முன்பு, 1955-ஆம் ஆண்டு கோடையில், இங்கேதான் வந்து பயிற்சி பெற்றார்.

அக்காலத்தில் தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும்; அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். சொத்தும் இல்லை, எழுத்தும் இல்லை என்றால் வாக்கும் இல்லை. கல்வியை மறுத்தவர்களே கல்வி இல்லை என்று சொல்லி உரிமையையும் மறுத்தார்கள். இந்த உத்தி நமக்குப் புதியதன்று.

ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டிவந்தார். தீவிலிருந்து நகருக்கு வேலைக்குச் செல்வோரை ஏற்றிச் செல்லும்போதே அவர்களுக்குச் சட்டப் பகுதியைச் சொல்லிக்கொடுப்பார். அலிஸ் வைன் என்னும் பெண்மணி அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்து, எழுத்தறியாமலே ஒப்பித்து வாக்காளராகிவிட்டார்! ஆனால் அவருக்கு அது நிறைவளிக்கவில்லை. மெய்யாகவே படிக்கக் கற்க வேண்டும் என்றார். ஜென்கின்ஸ் வகுப்பு நடத்த இடம் தேடினார். வெள்ளையர் சினத்துக்கு அஞ்சிப் பள்ளியும் இடம் தரவில்லை, தேவாலயமும் தரவில்லை. ஹைலேண்டர் கடனாகத் தந்த பணத்தைக் கொண்டு ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள். முன்பகுதியில் கூட்டுறவு மளிகைக் கடை. பின்பகுதியில் சன்னல் இல்லாத வகுப்பறை. வெளியிலிருந்து பார்ப்பவர்க்குக் கடை மட்டுமே தெரியும்.

1957-ஆம் ஆண்டு ஜனவரியில், 14 மாணவர்களோடு, அங்கே முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. அதன் ஆசிரியர் யார்? 40 ஆண்டு அனுபவம் மிக்க செப்டிமா அம்மையார் அல்லர். அவர் தம் உறவுப் பெண்ணான பெர்னிஸ் ராபின்சனை அழைத்தார். ராபின்சன் ஓர் ஒப்பனைக் கலைஞர். பெண்களுக்குச் சிகையலங்காரம் செய்பவர். ஆசிரியப் பயிற்சி பெறாதவர். "நான் ஆசிரியை அல்லவே" என்று அவர் தயங்கியபோதும் அம்மையார் விடவில்லை. இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. கறுப்பினப் பெண்களே அவருடைய வாடிக்கையாளர்கள் என்பதால், எந்த வெள்ளையராலும் அவரை வேலைநீக்கம் செய்ய இயலாது. அத்துடன், படித்தவர் என்ற செருக்கு இல்லாமல் மக்கள் சொல்வதைக் கேட்கத் தெரிந்தவர் அவர்.

ராபின்சன் முதலில் குழந்தைகளுக்கான பாடநூல்களைக் கொண்டுவந்தார். அவை பெரியவர்களுக்குப் பொருந்தா என்பதை உடனே உணர்ந்து ஒதுக்கிவைத்தார். "நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள்?" என்று அவர்களையே கேட்டார். பெயர் எழுத வேண்டும், விவிலியம் படிக்க வேண்டும், பணவிடைத் தாள் நிரப்ப வேண்டும், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார்கள். அவையே பாடத்திட்டம் ஆயின. அட்டையில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதித் தந்து, அதன்மேல் எழுதுகோலை ஓட்டிப் பழகச் செய்தார். உலக மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். 65 வயது மூதாட்டி ஒருவர் ஒரு நாள் எழுந்து, பலகையிலிருந்த பெயர்களுள் தம் பெயரைச் சுட்டிக் காட்டிப் படித்ததை ராபின்சன் பிற்காலத்தில் நெகிழ்ந்து நினைவுகூர்ந்திருக்கிறார். கைநாட்டு வைத்து வந்த தம் தாயார் முதன்முதலாகப் பெயரெழுதக் கண்ட எவருக்கும் அந்த நெகிழ்ச்சி புரியும்.

இரண்டாம் விலகலுக்கு வருகிறேன். 1959-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் இரவு காவலர்கள் ஹைலேண்டருக்குள் புகுந்தனர். மது வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டி, மதுவைத் தொட்டறியாத செப்டிமா அம்மையாரைக் கைது செய்தனர். குற்றச்சாட்டு நிலைக்கவில்லை, ஆயினும் வழக்கு வளர்ந்து, 1961-ஆம் ஆண்டு அப்பள்ளி மூடப்பட்டது. நிறுவனம் போயிற்று, கட்டடமும் ஏலம் போயிற்று. ஆனால் குடியுரிமைப் பள்ளி போகவில்லை. கடையின் பின்புறத்திலும், சிகையலங்காரக் கூடத்திலும், வீட்டுத் திண்ணையிலும் வேர்விட்ட ஒன்றைப் பூட்டு எவ்வாறு மூடும்?

டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் தென் மாநிலக் கிறித்தவத் தலைமை மாநாடு அத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியா மாநிலத்தின் டார்செஸ்டர் என்னுமிடத்தில் பயிற்சி மையம் அமைந்தது. செப்டிமா அம்மையாருடன் டாரதி காட்டன் அம்மையாரும் ஆண்ட்ரூ யங் அவர்களும் பணியாற்றினர். பல மாநிலங்களிலிருந்தும் மாதந்தோறும் பேருந்தில் வந்தவர்கள் ஐந்து நாள் தங்கிப் பயின்று, ஊர் திரும்பித் தாமே வகுப்பு தொடங்கினர். பட்டம் பெற்றவரைத் தேடாமல், உரக்கப் படிக்கவும் பலகையில் தெளிவாக எழுதவும் தெரிந்த, ஊர் மதிக்கும் மனிதர்களையே அம்மையார் தேடினார். 1957 முதல் 1970 வரை அவ்வாறு நடந்த பள்ளிகள் 897 என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார்.

அவ்வியக்கத்துள்ளும் அவருக்கு எல்லாம் எளிதாக இருக்கவில்லை. நிர்வாகக் குழுவில் இப்பெண்மணி எதற்கு என்று கேட்ட ஆண் தலைவர்கள் இருந்தார்கள். ஒருமுறை அவர் டாக்டர் கிங்குக்கு ஒரு மடல் எழுதினார். எல்லா ஊர்வலங்களுக்கும் தாங்களே தலைமை தாங்க வேண்டாம். அந்தந்த ஊர்த் தலைவர்களை உருவாக்கி அவர்களை நடத்தச் செய்யுங்கள் என்பது அதன் கருத்து. அம்மடல் குழுவில் படிக்கப்பட்டபோது எல்லோரும் சிரித்தார்கள் என்று அவர் தம் நினைவுகளில் குறித்திருக்கிறார். டாக்டர் கிங் மீது அவர் கொண்ட மதிப்பு கடைசிவரை குறையவில்லை. ஆனால் 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் அப்பெருந்தகை சுட்டுக் கொல்லப்பட்டபோது, அன்று சிரித்தவர்களுக்கு அம்மடலின் பொருள் விளங்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் விலகல் 1970-ஆம் ஆண்டில். 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தென் மாநிலங்களின் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்திவிட்டது. பள்ளி தொடங்கியதற்கான முதற்காரணம் நீங்கிற்று. செப்டிமா அம்மையார் ஓய்வு பெற்றுச் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பினார். அவருக்குப்பின் அத்திட்டம் அதே வடிவில் நெடுங்காலம் நீடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படியாயின் எது நின்றது?

மனிதர்கள் நின்றார்கள். மிசிசிப்பி மாநிலத்தில் குத்தகை உழவர் குடும்பத்தில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்து, பருத்தி பறித்து வளர்ந்தவர் ஃபேனி லூ ஹேமர். 1962-ஆம் ஆண்டு வாக்காளராகப் பதியச் சென்றதற்காகவே பண்ணையிலிருந்து அன்றே விரட்டப்பட்டார். அவர் குடியுரிமைப் பள்ளிப் பயிற்சி பெற்றார். 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்பயிற்சியிலிருந்து திரும்பும் வழியில் வினோனா என்னும் ஊரில் கைதாகிச் சிறையில் கொடுமையாக அடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே ஜனநாயகக் கட்சி மாநாட்டில், நாடே தொலைக்காட்சியில் காண, தம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார். அவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்து, பேசும் இடத்தைத் தாம் பிடித்துக்கொள்ளாமல் விட்டவர்களுள் செப்டிமா அம்மையாரும் ஒருவர்.

அம்மையாரும் வீட்டில் முடங்கவில்லை. எழுபது வயதைக் கடந்தபின் தேர்தலில் நின்று, சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளிக் குழுவின் உறுப்பினரானார். பறிக்கப்பட்ட ஓய்வூதியம் 1976-ஆம் ஆண்டு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அதாவது இருபது ஆண்டுகளுக்குப் பின்! 1987-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், தாம் முதன்முதலில் பாடம் சொன்ன அதே ஜான்ஸ் தீவில் உயிர்நீத்தார்.

அன்பர்களே! இப்போது என் குறை ஒன்றை இம்மன்றத்தில் ஒப்புக்கொள்ள விரும்புகிறேன். 1988-ஆம் ஆண்டு தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டு, பின் தமிழகத்தில் அறிவொளி இயக்கம் பரவிய காலத்தில், பட்டப் படிப்பு முடித்த இளைஞனாக எங்கள் குடியிருப்பில் ஒரு மையம் நடத்தினேன். மாரியம்மன் கோயில் மேடையில் அரிக்கேன் விளக்கொளியில் இருபது பேர், பெரும்பாலும் வயல் வேலைக்குச் சென்று திரும்பிய பெண்கள், சிலேட்டுடன் வந்து உட்கார்ந்தார்கள். விளக்குக்கு எண்ணெய் நானே ஊற்றுவேன். சாக்கட்டி நானே வாங்குவேன். வருகைப் பதிவும் நானே எழுதுவேன். எவரையும் ஒரு வேலை செய்ய விட்டதில்லை. பிறகு பி.எட். படிக்க வெளியூர் சென்றேன். மூன்றாம் மாதம் விடுமுறையில் திரும்பியபோது மேடை இருண்டு கிடந்தது. "நீ போனப்புறம் யாரு நடத்துறது, தம்பி?" என்று ஓர் அத்தை கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன்: அன்று எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பதில் அவ்வளவு களிப்பு! அது என் தோல்வி என்பதை உணரப் பல ஆண்டுகள் ஆயின. அந்த இருபது பேரில் ஓரளவு படிக்கத் தெரிந்த இரு பெண்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் கையில் சாக்கட்டியைக் கொடுத்துப் பலகைக்கு அருகே நிறுத்தியிருந்தால் விளக்கு அணைந்திருக்காது. நான் கொடுக்கவில்லை. எழுதத் தொடங்கிய கைகள் பல மீண்டும் மைப்பெட்டிக்குத் திரும்பின. அவர்களுள் சிலர் இன்று உயிருடன் இல்லை. அக்கடனை இனி நான் யாரிடம் தீர்ப்பேன்?

ஆகையால்தான் அத்தாளில் கையொப்பமிடத் தயங்கினேன். நம் செயலாளர் ஐயாவின் தொண்டு அளவிடற்கரியது. இன்று இம்மேடையில் அமர்ந்திருக்கும் பட்டதாரிகள் பலரின் முதல் விண்ணப்பத்தை நிரப்பியவர் அவரே. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் எங்கே, எப்படி விண்ணப்பிப்பது, உதவித்தொகை தடைப்பட்டால் எந்த அலுவலகத்தில் எவரிடம் முறையிடுவது என்பவற்றை அவரைத் தவிர நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சங்கத்தின் கணக்கேட்டை அவரன்றி யார் எழுதுவார்? நூலகச் சாவி 25 ஆண்டுகளாக எவர் இடுப்பில் இருக்கிறது? இக்குறை அவருடையது மட்டுமன்று. சுமக்க ஒருவர் இருக்கிறார் என்று கை கட்டி நின்ற நம் அனைவருடையதும் ஆகும். இத்தாளில் கையொப்பமிடுவது, இன்னும் சில ஆண்டு கை கட்டி நிற்க இசைவு கேட்பதே ஆகும்.

இளைஞர்களே! அத்தாளைக் கிழிக்க வேண்டாம். அதன் மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது, அங்கே கையொப்பமிடுங்கள். உதவித்தொகை விண்ணப்பப் பணியைக் கற்றுக்கொள்ள இருவர், கணக்கேட்டுக்கு இருவர், நூலகத்துக்கு இருவர், மாலை வகுப்புக்கு நால்வர் என்று பெயர் எழுதுங்கள். அவற்றுள் பாதிப் பெயர்கள் பெண்களின் பெயர்களாக இருக்கட்டும். மகளிர் குழுக் கணக்கைப் பிழையின்றி எழுதும் நம் சகோதரிகளுக்குச் சங்கக் கணக்கு ஒரு பொருட்டன்று. படிப்பு போதாது என்று தயங்குபவர் சிகையலங்காரம் செய்த பெர்னிஸ் ராபின்சனை எண்ணிக்கொள்ளுங்கள்.

செயலாளர் ஐயா அவர்களே! தங்களிடம் ஒரு வேண்டுகோள். தாங்கள் விலகலாம், ஆனால் நாளையே விலக வேண்டாம். ஆறு மாதம் அவர்கள் பக்கத்தில் அமர்ந்திருங்கள். அவர்கள் பிழை செய்யும்போது தாளைப் பிடுங்கித் தாங்களே எழுதிவிடாதீர்கள். அது கடினம் என்பதை அறிவேன், நானும் ஆசிரியன்தானே! அதன்பின் சாவியைக் கொடுத்துவிட்டு, மன நிறைவோடு முன்வரிசையில் வந்து அமருங்கள். முதல் பெயராக என் பெயரை மாலை வகுப்புக்கு எழுதித் தருகிறேன். பணி ஓய்வுக்கு எனக்கும் இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.

இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில் நம்மில் பலர் இருக்க மாட்டோம். அன்றும் அந்த நூலகம் மாலை ஐந்து மணிக்குத் திறந்திருக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை இன்றே செய்வோம்.